இழையும் எண்ணும்
அம்பத்தூரில் எங்கள் தெருச் சிறுமி ஒருத்தியை, கணக்கு வராது என்று ஆறாம் வகுப்பிலேயே தீர்த்துவிட்டார்கள். மார்கழியில் அவள் வாசலைப் பார்க்கவேண்டும். அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவே இழை குறுக்காக வெட்டிப்போகும் சிக்குக்கோலம். 3 வரிசையில் 4 புள்ளியென்றால் ஒரே இழை. 4க்கு 6 இரண்டு. 4க்கு 4 நான்கு. போடுமுன்பே சொல்கிறாள். மீப்பெரு பொதுக்காரணியேதான் இது. வகுப்பில் அவள் கோட்டைவிட்ட பாடம்.

தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி முதலானோர் 1974இலேயே கோலத்துக்குக் கணித முறையில் இலக்கணம் வகுத்தார்கள். (அவள் வாத்தியார் வரை அது வந்து சேரவில்லை.)

எல்லாருக்கும் படம் வேண்டும் என்பதில்லை. சோவியத் உளவியலாளர் க்ருதெட்ஸ்கி, கணிதம் கைவந்த மாணவர்களிலேயே குறியீட்டில் யோசிப்பவர், உருவத்தில் யோசிப்பவர், இரண்டிலும் புழங்குபவர் என்று பிரித்துக் காட்டினார். நம் பள்ளிகள் முதலாமவருக்கே மார்க் போடுகின்றன.

கோலம் தானாகக் கணிதமாகிவிடாது. ஏன் இரண்டு இழை என்று யாராவது கேட்கவேண்டும். கேட்டேன். பொடிக் கிண்ணத்தோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.