ஹெட் மாத்தலாமா?

தெரிஞ்ச தம்பி ஒருத்தன்ட மொரிஸ் மைனர் இருக்கு. 1098 சிசி.
ஹந்தானை ஏத்தத்துல, தேயிலை மியூசியம் போற ரோட்டுல, மூச்சு வாங்குது.

இப்ப 1275 எஞ்சின் ஹெட் ஒன்னு கிடைச்சிருக்காம்.
"அண்ணே, அப்படியே தூக்கிப் போட்டுருவமா?"ன்னு கேக்குறான்.

ரெண்டும் ஒரே ஏ-சீரிஸ் குடும்பம்தான். 1951ல ஆஸ்டின் ஏ30க்காக 803 சிசியில வந்தது. மைனர்ல 948, 1098ன்னு வளந்துச்சு. ஹெட் உக்காரும்.

ஆனா போர், அதாவது சிலிண்டர் விட்டம், வேற.
1098ல 64.6 மிமீ, 1275ல 70.6.
1275 ஹெட்டோட பெரிய எக்ஸோஸ்ட் வால்வ் இறங்குறப்ப பிஸ்டன்ல இல்ல, புளொக் விளிம்புல போய் இடிக்கும்!

விளிம்புல கொஞ்சம் பிளாஸ்டிசின் அப்பி, பழைய கேஸ்கெட்டோட ஹெட்டை இறுக்கி, எஞ்சினைக் கையால சுத்திட்டுக் கழட்டிப் பாருங்க. வால்வ் பதிஞ்ச இடம் தாள் மாதிரி மெலிஞ்சிருந்தா, புளொக்ல பிறை வடிவத்துல பொக்கெட் வெட்டியே ஆகணும்.
அந்த ஹெட்டோட சேம்பரும் சின்னது, 21 சிசி சொச்சம். கம்ப்ரெஷன் ஏறும். 92 பெட்ரோல்ல ஏத்தத்துல தட்டுற சத்தம் வரலாம்.

வெட்டின புளொக் திரும்ப வராது. அறுபது வருசம் ஓடின வண்டி, எனக்கு மனசே வரல.

எம்ஜி 1100ல வந்த 12ஜி295 ஹெட் அதே போருக்குச் செஞ்சது. இன்லெட் வால்வும் மைனரோடதை விடப் பெருசு. வெட்டாமலே போடலாம்.

கண்டி, பேராதனைப் பக்கம் யார்ட்டயாவது ஒன்னு சும்மா கிடக்குதா?