மலையடிவாரத்தில் மெரைன் பிளைவுட்

போடிநாயக்கனூர் மரக்கடையில் மெரைன் பிளைவுட் கேட்டுப் போனோம் என்றால் தூத்துக்குடிக்காரர்கள் நம்ப மாட்டார்கள். ஆனால் முந்தலைத் தாண்டிப் போடிமெட்டு ஏறினால் மூணாறும் மாட்டுப்பட்டி அணையும் வந்துவிடும். கம்பம் பக்கமாக ஏறினால் தேக்கடி. 1895-இல் திறந்த பெரியாறு அணை தேக்கிவைத்த நீர். இரண்டு இடத்திலும் படகு ஓடுகிறது. மலையில் சிறுபடகு வைத்திருக்கும் நண்பருக்கு இருக்கைப் பெட்டியும் தரைப்பலகையும் உளுத்துப்போயின. கட்டுப்படியாகும் விலையில் பலகை தேட அவரோடு நானும் அலைந்தேன்.

கடைகளில் எல்லாரும் கேட்டது, "எத்தனை எம்எம், எத்தனை ஷீட்?" என்றுதான். எந்த இடத்தில் போடப்போகிறோம் என்று கேட்டவர் ஒரு தச்சர் மட்டுமே. ஏலத்தோட்ட வீடுகளுக்குக் கதவும் அலமாரியும் செய்தே தலை நரைத்தவர். தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் மலைவீடுகளில் ஈரம் காயாது. சாதாரணப் பலகை ஊதி, அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிடும். அந்த ஈரத்தோடு மல்லுக்கட்டித்தான் அவர் பலகையின் குணத்தைப் படித்திருக்கிறார்.

"மூஞ்சியப் பாக்காதீங்க தம்பி, ஓரத்தப் பாருங்க" என்று வெட்டுத்துண்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய மெல்லிய தகடுகள். நடுவில் ஓரிடத்தில் தகடு சேராமல் சந்து விட்டிருந்தது. அங்கே தண்ணீர் புகுந்தால் வெளியேற வழியில்லை. விரல் மூட்டால் தட்டியபோது அந்த இடம் மட்டும் பொத்தென்று ஒலித்தது. பசைக்கோடு கறுஞ்சிவப்பாக ஓடினால் பெரும்பாலும் பீனால் பசை, தண்ணீரைத் தாங்கும்; வெளிறியிருந்தால் சந்தேகப்பட வேண்டும். நிறத்தை மட்டும் நம்பாமல் அவர் துண்டை வெட்டி அடுப்பில் கொதிக்க விடுவார். தர ஆய்வுக்கூடச் சோதனையும் இதே வழிதான்: ஐஎஸ் 710 என்ற மெரைன் தரத்துக்கு 72 மணி நேரம் கொதித்தும் ஒட்டு விடக்கூடாது. பொதுப் பயன்பாட்டுப் பிளைவுட்டுக்கான ஐஎஸ் 303-இல் வரும் பிடபிள்யூஆர் (கொதிநீர் தாங்கும்) ரகத்துக்கு 8 மணி நேரக் கொதிப்பு, 16 மணி நேர உலர்த்தல், இப்படி மூன்று சுற்று. மெரைன் பலகையில் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் எதிராக மருந்தும் ஏற்றியிருக்க வேண்டும்.

மலைப்படகுக்கு அந்த மருந்து மிக அவசியம். நன்னீர்தானே, கடல்போல அரிக்காதே என்று நினைக்கத் தோன்றும். மரத்தைத் தின்னும் பூஞ்சையை உப்புநீர் ஓரளவு அடக்கிவைக்கும். நன்னீரில் அந்தத் தடை கிடையாது. மேலிருந்து ஒழுகும் மழைநீர் இருக்கைக்கடியில் தேங்கினால் உளுத்தல் அங்கேதான் தொடங்கும்.

காப்பித் தோட்டங்களில் மிளகுக்கொடி சுமந்து நிற்கும் சில்வர் ஓக், இடுக்கி மலைகளிலிருந்து லாரி ஏறிப் பெரும்பாவூர் ஆலைகளுக்குப் போகிறது, பிளைவுட் ஆகிறது. மரம் விளையும் மலையின் அடிவாரத்திலேயே நாம் பலகைக்கு விலை பேசுகிறோம் என்பது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

செலவைக் குறைக்கும் வழியையும் தச்சரே சொன்னார். தண்ணீர் தங்கும் தரைக்கும் இருக்கையின் அடிப்பகுதிக்கும் மட்டும் 710. மேலே நனையாத தடுப்புக்கும் அலமாரிக்கும் பிடபிள்யூஆர் போதும். உளுத்த பலகையை உடைக்காமல் கழற்றி, அதையே அச்சாக வைத்து வெட்டினால் ஷீட் வீணாகாது. வெட்டிய ஓரம், திருகாணித் துளை எல்லாவற்றிலும் எபாக்ஸி பூசி அடைக்க வேண்டும். திருகாணி எவர்சில்வராக இருக்கட்டும். அவர் வேலையில் அதிக நேரம் எடுத்துக்கொண்டது ஓரம் பூசுவதற்குத்தான். அந்தக் கூலியில் பேரம் பேசக்கூடாது என்பது என் கருத்து.

பலகை வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 'மெரைன்' என்ற அச்சு மட்டும் போதாது. ஐஎஸ்ஐ முத்திரையின் மேலே ஐஎஸ் 710, கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த எண்ணை இந்திய தர நிர்ணய அமைவனத்தின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டுச் சரிபார்த்த பிறகு பணம் கொடுங்கள்.