தலையசைப்பு சாட்சியமாகுமா?

பேச முடியாதவரும் சாட்சி சொல்லலாம் என்கிறது மலேசியாவின் 1950 சாட்சியச் சட்டம், 119-ஆம் பிரிவு. எழுதியோ சைகை காட்டியோ சொல்லலாம். அதைத் திறந்த நீதிமன்றத்தில் செய்ய வேண்டும். அப்படிச் சொன்னது வாய்மொழிச் சாட்சியமாகவே கருதப்படும். படிக்க எளிய இந்தப் பிரிவு நடைமுறையில் எவ்வளவு கடினம் என்று எனக்குக் காட்டியது பெட்டாலிங் ஜெயா செஷன்ஸ் நீதிமன்றத்தில் நடந்த ஒரு விபத்து வழக்கு. நீதிபதிகள் குறிப்புகளைக் கையால் எழுதிக்கொண்டிருந்த காலம் அது.

என் கட்சிக்காரர் கிள்ளானைச் சேர்ந்தவர், பிறவியிலேயே காது கேளாதவர். சைக்கிளில் போனவரை லோரி மோதிக் கால் முறிந்தது. சைக்கிள்காரர்தான் இடப்பக்கமாக நுழைந்து இடித்தார் என்பது காப்புறுதித் தரப்பின் வாதம். போலீசின் ரஃப் ஸ்கெட்ச் இரண்டு கதைக்கும் இடம் கொடுத்தது.

அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. மலேசிய சைகை மொழி தெரியாது. வீட்டில் அக்காவோடு பேசிப் பழகிய சைகைகள்தான் தெரியும். அக்காவை மொழிபெயர்ப்பாளராக வைக்க எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது. நியாயமான ஆட்சேபணைதான். சைகை மொழி ஆசிரியர் ஒருவர் வந்தார். முதல் நாளே, "இவர் கைகளை நான் முதலில் பழக வேண்டும், அவகாசம் கொடுங்கள்" என்றார். நீதிபதி தவணை கொடுத்தார்.

குறுக்கு விசாரணையில் வந்தது சோதனை. "லோரி திரும்பத் தொடங்கிய பிறகுதானே நீங்கள் நுழைந்தீர்கள்?" சாட்சி தலையசைத்தார். "பிரேக் பிடிக்கவில்லை, இல்லையா?" அதற்கும் தலையசைத்தார். வழக்கு கையை விட்டுப் போவது போலிருந்தது. அப்போது நீதிபதி தமக்குள்ள அதிகாரத்தில் ஒரு கேள்வி கேட்டார்: "பிரேக் பிடித்தீர்களா?" சாட்சி மறுபடியும் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பு 'ஆம்' அல்ல, 'நீங்கள் கேட்பதைக் கவனிக்கிறேன்' என்பது மட்டுமே.

பழைய தீர்ப்புகளில் இந்தச் சிக்கல் உண்டு. 1885-இல் அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு அப்துல்லா வழக்கில், கழுத்து அறுக்கப்பட்ட ஒரு பெண் கேள்விகளுக்குக் கையசைத்துக் காட்டியதை மரண வாக்குமூலமாக ஏற்றது. இலங்கையிலிருந்து பிரிவி கவுன்சில் போன சந்திரசேகர வழக்கிலும் அதே போன்ற காயம், அதே முடிவு. சொற்களெல்லாம் கேட்டவருடையவை, பதில் சொன்னவருடையது ஓர் அசைவு மட்டும். சாகக் கிடப்பவரிடம் அதற்கு மேல் கேட்க முடியாது. என் கட்சிக்காரர் உயிரோடு எதிரே நின்றார்.

நீதிபதி கேள்விகளை நிறுத்தச் சொன்னார். சாலையின் புகைப்படத்தைக் கொடுத்து, நடந்ததைக் காட்டட்டும் என்றார். சைக்கிளாக இடது முஷ்டி நேராக நகர்ந்தது. லோரியாக வலது உள்ளங்கை பின்னாலிருந்து வந்து, முஷ்டிக்குப் பக்கத்தில் கொஞ்சம் ஓடி, சட்டென்று இடப்பக்கம் வெட்டியது. திரும்பக் காட்டச் சொன்னபோதும் அதே வரிசைதான். லோரியின் முன்பக்க இடது கதவுக்குக் கீழே இருந்த நசுங்கலும் அந்த வரிசைக்குப் பொருந்தியது.

நீதிபதி கை அசைந்த விதத்தை ஒரு வரியிலும், மொழிபெயர்ப்பாளர் சொன்ன பொருளை வேறு வரியிலும் எழுதிக்கொண்டார். சைகையே பதிவாக வேண்டும், அதன் விளக்கம் மட்டும் போதாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் தர்ஷன் சிங் வழக்கில் சொன்னது 2012-இல்தான். தீர்ப்பில் பொறுப்பின் பெரும்பங்கு லோரி ஓட்டுநர் மீது விழுந்தது.

பேசத் தெரிந்த சாட்சிகளிடமும் இதே ஆபத்து உண்டு. எஸ்டேட்டில் வளர்ந்த பெரியவர்கள் வழக்கறிஞர் எதிரே "ஆமாங்க" என்று சொல்லும்போது, அது பல நேரம் மரியாதை, ஒப்புதல் அல்ல. 'திறந்த நீதிமன்றத்தில்' என்ற நிபந்தனை சாட்சிக்கு மட்டும் போட்டதாக நான் இப்போது படிப்பதில்லை. அங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோரும் பார்க்க வேண்டும் என்பதும் அதில் அடங்கும். சாட்சி கை அசைக்கும்போது கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்த வழக்கறிஞர், சாட்சியத்தைக் கேட்டதாகச் சொல்லிக்கொள்ள முடியாது.