படத்தில் இல்லாத பாட்டு

அம்மாவுக்குப் பிடித்த பாட்டு எது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. வகுப்பில் பெண்ணெழுத்து நடத்தும் நானும் கேட்டதில்லை.

1991 தீபாவளிக்கு ‘தளபதி’ வந்தபோது எனக்குப் பத்து வயது. படத்துக்கு முன்பே கேசட் வீட்டுக்கு வந்துவிட்டது. அப்பா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிறகு அம்மா அதைப் போடுவாள். அதில் ஒரு பாட்டை மட்டும் ரிவைண்ட் செய்து திரும்பத் திரும்பக் கேட்பாள். ஜேசுதாசும் எஸ். ஜானகியும் பாடியது. உலை கொதித்து அடங்குவதற்குள் மூன்று தடவை ஓடிவிடும்.

படம் பார்க்கத் திருநெல்வேலிக்கு பஸ் ஏறினோம். ஒவ்வொரு பாட்டு தொடங்கும்போதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். படம் முடிந்தது. அவள் பாட்டு வரவே இல்லை. படத்துக்காகப் பதிவாகி, படத்தில் சேராமல் போன பாட்டு அது. திரும்பும் பஸ்ஸில், “அந்தப் பாட்டைக் காணுமே” என்றாள். “ஒரு பாட்டுக்காகவா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்றார் அப்பா. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் அந்த ஒரு பாட்டுக்காகத்தான் வந்திருந்தாள்.

எங்கள் ஊர் அம்மன் கோவில் கொடை முடிந்த மறுநாள் ராத்திரி பாட்டுக் கச்சேரி நடக்கும். பக்திப் பாட்டில் தொடங்கி, எம்.ஜி.ஆர்., சிவாஜி, இளையராஜா, ரகுமான் என்று வந்து, நடுச்சாமத்துக்கு மேல் குத்துப்பாட்டில் முடியும். மேடைக்கு முன்னால் இளவட்டங்கள். பெண்கள் பின்னால், பாய் விரித்து, மடியில் தூங்கும் பிள்ளைகளோடு. விருப்பப் பாட்டுக்கான துண்டுச்சீட்டு முன்னாலிருந்துதான் மேடைக்குப் போகும், பெயரோடும் தெருவோடும். பெண்பிள்ளை பெயர் மைக்கில் வந்தால் விசில் பறக்கும். மறுநாள் வீட்டில் விசாரணை நடக்கும். ‘தளபதி’ பாட்டு இல்லாத கொடை கிடையாது. ஆனால் அது ஆடுவதற்கான பாட்டாகத்தான் இருக்கும். அம்மாவின் பாட்டை ஒரு வருஷமும் யாரும் பாடவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. ஒரு பாட்டை மேடையேற்ற, பாடுகிறவருக்கு வரி தெரிந்தால் மட்டும் போதாது. இடையில் வரும் இசைத்துண்டுகளை ஒருவர் கேட்டுக் கேட்டுக் குறிப்பெடுக்க வேண்டும். வயலினும் புல்லாங்குழலும் வாசிக்க ஆளில்லாத குழுவில் அவற்றையும் கீபோர்டில் கொண்டுவர வேண்டும். தபலாக்காரர் தாளம் மாறும் இடத்தை மனப்பாடம் செய்ய வேண்டும். நாலு பேர் மட்டும் கேட்கும் பாட்டுக்கு இவ்வளவு பாடு எதற்கு என்று குழு விட்டுவிடும்.

ராக் இசை கேட்கும் என் மாணவி ஒருத்தி, அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் குழுவைப் பற்றிச் சொன்னாள். ‘டார்க் ஸ்டார்’ என்ற தங்கள் பாட்டை 1984க்குப் பிறகு ஐந்து வருஷம் அவர்கள் மேடையில் வாசிக்கவில்லை. 1989 அக்டோபர் 9 அன்று, வர்ஜீனியாவின் ஹாம்ப்டனில் திடீரென்று வாசித்தார்கள். அந்தக் குழு ரசிகர்களைப் பதிவு செய்துகொள்ள அனுமதித்தது. ரசிகர்கள் கேசட்டுகளை மாற்றிக்கொண்டார்கள், எந்த இரவில் எந்தப் பாட்டு என்று கணக்கு வைத்தார்கள். “அன்னைக்கு அங்க இருந்தேன்னு சொல்லிக்கிறதே ஒரு கெத்து மேடம்” என்றாள் மாணவி. எனக்கு அந்தக் கெத்தைவிட, ஊர் ஊராகக் குழுவின் பின்னால் போக யாருக்கு இரவும் காசும் இருந்தன என்ற கேள்விதான் எழுந்தது. அம்மா காத்திருந்தது 30 வருஷத்துக்கு மேல். அதற்கு யாரும் கணக்கு வைக்கவில்லை.

போன வருஷக் கொடை. அப்பா இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. பாயில் உட்கார்ந்திருந்த அம்மா என் காதருகே வந்து, “அந்தப் படத்துல வராத பாட்டைப் பாடுவாங்களாட்டி?” என்றாள். எனக்கு உடனே புரிந்தது. பையிலிருந்து தாளை எடுத்து எழுதினேன். “உன் பேரைப் போடவா?” “பேரெல்லாம் வேண்டாம்.” நானும் போடவில்லை. அது இன்னும் என்னை உறுத்துகிறது.

சீட்டைப் பார்த்த அறிவிப்பாளர் தலையை ஆட்டினார். பாடகி அதை வாங்கிப் படித்தார். சுசீலா, ஜானகி, சித்ரா, சுவர்ணலதா என்று அத்தனை பேருக்கும் அந்த மேடையில் அவர் ஒருத்திதான் குரல். கீபோர்டுக்காரரிடம் ஏதோ சொன்னார். அவர் ஒரு விரலால் மெட்டைத் தேடிப் பிடித்தார். “பேர் போடாத நேயருக்காக” என்றது மைக்.

இசைத்துண்டுகள் பாதிதான் வந்தன. ஜேசுதாஸ் பாடும் வரிகளையும் அவரே பாடினார். முன்னால் இருந்த பையன்கள் டீ குடிக்கப் போனார்கள். அம்மா கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தாள். அடுத்த பாயில் எதிர்வீட்டு அத்தையின் உதடுகள் அசைந்தன. ஒரு சொல் பிசகவில்லை.

“உங்களுக்கு இது தெரியுமா மதினி?” என்றாள் அம்மா.

“எங்க வீட்லயும் கேசட் இருந்துச்சுல்லா. இந்த ஒண்ணுக்காகத்தான் போடுவேன். படத்துல வரலைன்னதும் அழுகையே வந்துட்டு.”

30 வருஷமாக எதிரெதிர் வாசல். குழாய்த் தண்ணீர், இட்லி மாவு, பிள்ளைகள் கல்யாணம் என்று பேசாத பேச்சில்லை. இதை மட்டும் பேசியதில்லை. ஹாம்ப்டனில் முதல் சில சுரங்களுக்கே கூட்டம் கத்தியது ஏன் என்று அப்போது எனக்குப் புரிந்தது. பக்கத்தில் இருப்பவரும் இதற்காகத்தான் காத்திருந்தார் என்று தெரியவரும் நொடி அது. பிரபலமான பாட்டுக்கு அந்த நொடி கிடையாது. அது எல்லோருக்கும் தெரியும் என்று நமக்கு முன்பே தெரியும்.

கச்சேரி முடிந்து பாடகிக்கு நன்றி சொன்னேன். “யாரும் கேக்க மாட்டாங்கக்கா. வீட்ல எனக்காகப் பாடி வச்சிருந்தேன்” என்றார்.

பெயர் தெரியாத புலவரை அவர் பாட்டில் உள்ள சொல்லாலேயே செம்புலப்பெயல்நீரார் என்று அழைக்கும் மரபை வருஷந்தோறும் வகுப்பில் நடத்துகிறேன். மறுநாள் தெருவில், “அந்தப் பாட்டைக் கேட்டது யாரு?” என்று நாலைந்து பெண்கள் விசாரித்தார்கள். அம்மா சிரித்துக்கொண்டே தண்ணீர் பிடித்தாள்.

இந்த வருஷக் கொடைக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. சீட்டு தயார். அம்மாவும் அத்தையும் திண்ணையில் உட்கார்ந்து எழுதியது. மூன்று பாட்டு, கீழே இரண்டு பேர் பெயர்.