மாலைப் பள்ளியும் சான்றிதழும்

நாம் சிறுவராயிருந்த காலத்தில் அஸர் தொழுகை முடிந்ததும் ஓதப் போவோம். ஓலைக் கொட்டில், பன்பாய், லெப்பையின் கையிலே பிரம்பு. அப்பிரம்பை நாம் இன்னும் மறந்தோமில்லை. ஆயினும், வெள்ளாமை வெட்டுக் காலத்தில் தகப்பனோடு வயலுக்குப் போய்விட்ட பையனொருவனை அவர் இரவிலே அழைத்து, விளக்கடியில் இருத்தி ஓதிக் கொடுத்ததும் நினைவில் நிற்கிறது. ஓதி முடித்தவனுக்குச் சான்றிதழ் எதுவும் கிடைத்ததில்லை. எவரும் அதைக் கேட்டதுமில்லை.

இந்தோனேசியாவிலே, மேற்கு ஜாவாவின் இந்திரமாயு மாவட்டம் பற்றிப் படித்தபோது அந்தப் பையனே எம் நினைவுக்கு வந்தான். 2001இல் அந்நாட்டு மாவட்டங்களுக்குப் பரந்த சுயாட்சி கிடைத்தது. 2003இல் இந்திரமாயு நிருவாகம், ஆரம்பப் பாடசாலை முஸ்லிம் பிள்ளைகள் மாலைநேர மத்ரசாவிலும் கட்டாயமாகப் பயில வேண்டுமெனச் சட்டம் இயற்றியது. இடைநிலைப் பாடசாலையில் சேர்வதற்கு மத்ரசாச் சான்றிதழும் வேண்டப்பட்டது. வேறு சில மாவட்டங்களும் இவ்வழியே சென்றன. 2004ஆம் ஆண்டின் பிரதேச ஆட்சிச் சட்டமோ சமய விவகாரத்தை மத்திய அரசின் கையிலேயே வைத்திருந்தது. ஆனால் கல்வி என்ற வாசல் மாவட்டங்களுக்குத் திறந்தே கிடந்தது.

இந்திரமாயு நெல் விளையும் பூமி. அங்குள்ள ஏழைப் பெண்கள் வளைகுடாவுக்கும் தாய்வானுக்கும் வீட்டுவேலைக்குச் செல்கின்றனர். எமது வகுப்பிலும் தாய் சவூதியில், பிள்ளை உம்மம்மாவிடம் என்ற நிலையிலுள்ளோர் பலர். மாலையில் தம்பியைச் சுமப்பதும் தண்ணீர் அள்ளுவதும் அப்பிள்ளையின் கடன். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அச்சட்டம் இன்னுமொரு வகுப்பு, அவ்வளவே. இந்தப் பிள்ளைக்கோ அது ஆறாம் வகுப்போடு மூடக்கூடிய கதவு. சட்டம் எழுதியவர்கள் இதனை எண்ணிப் பார்த்தனரா?

“மார்க்கம் படிப்பதில் என்ன கேடு?” என்று ஆசிரிய நண்பரொருவர் எம்மிடம் வாதிட்டார். படிப்பதில் கேடில்லை, கணிதம் படிக்க விரும்பும் பிள்ளையை அதன் பெயரால் வாசலில் நிறுத்துவதே கேடு என்றோம். கட்டாயப்படுத்தாவிட்டால் மத்ரசாக்கள் அழிந்துவிடும் என்றார் அவர். அதுவும் சரியன்று. 2017இல் அந்நாட்டுக் கல்வியமைச்சு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் பாடசாலை என்று விதித்தபோது, மாலை மத்ரசாக்கள் வெறுமையாகும் என நஹ்தத்துல் உலமா இயக்கம் எதிர்த்து எழுந்தது. அவ்வாண்டே சனாதிபதியின் புதிய ஆணை வெளிவந்தது. ஐந்து நாளா ஆறு நாளா என்ற தெரிவு பாடசாலைகளிடம் விடப்பட்டது. ஓதற்பள்ளியைத் தமதென்று கருதியவர்களே அதனைக் காத்தனர்.

நண்பர் முற்றாக இணங்கவில்லை. “எங்கள் லெப்பை அப்படி விளக்கேற்றியவரல்லர்” என்று சிரித்தார். பின்னர், ஒரு வாரமாக வகுப்புக்கு வராத மாணவியொருத்தியின் வீடு எந்த ஒழுங்கையில் இருக்கிறது என்று எம்மிடம் விசாரித்தார்.