இசைவும் உண்மையும்

இரும்புத் தகடொன்று உப்புநீரில் அரிக்கப்படும் வேகத்தை அறிய விழையும் ஆய்வாளர், அதனைச் சிதைக்காது வினவும் வழியொன்றைக் கைக்கொள்வர். ஏறத்தாழ 10 மில்லிவோல்ற்று ஆடலழுத்தத்தைச் செலுத்தி, எழும் ஓட்டத்தை அளந்து, ஒவ்வொரு மீடிறனிலும் மின்தடங்கலைக் கணிப்பதே அவ்வழி.

ஆயின், விடை கிடைக்கும்வரை இரும்பு காத்திருப்பதில்லை. ஒரு மில்லிஏட்சு மீடிறனில் ஓர் அலைவு முடிய 1000 செக்கன், அஃதாவது ஏறத்தாழ 17 நிமிடம், செல்லும். அதற்குள் மேற்பரப்பே மாறிவிடலாம். எழுந்தமானமான வழுக்கள், பன்முறை அளந்து சராசரி காண்பதாற் குறையும். இம்மாற்றத்தால் விளையும் வழுவோ அங்ஙனம் நீங்காது.

அதனைக் காட்டிக்கொடுக்க வல்லது, 1926இல் குரோனிக்கும் 1927இல் கிராமர்சும் எக்சுக்கதிர், ஒளி பற்றிய ஆய்வுகளில் தனித்தனியே கண்ட தொடர்பாகும். நேரியல்பும் நிலைபேறும், காரணத்தின் பின்னரே காரியம் நிகழும் ஒழுங்கும் உடைய தொகுதியொன்றில், எல்லா மீடிறன்களிலும் தடங்கலின் மெய்ப்பகுதி தெரியின், கற்பனைப்பகுதியைக் கணித்துவிடலாம். கணித்ததும் அளந்ததும் முரணின், அவ்வளவீட்டை நம்புதல் தகாது.

எனினும், இசைவு ஒன்றே உண்மைக்குச் சான்றன்று. இணைப்புக் கம்பிகளின் தூண்டுதிறன் அளவீட்டிற் கலந்திருப்பினும் அத்தொடர்பு பிறழாது நிற்கும். தன்னுள் முரணாத சாட்சியமும் பொய்யாகலாம் அன்றோ? ஆதலின், சோதனையில் தேறிய தரவும் மேலும் ஆராயப்படல் வேண்டும். கலத்தின் இடத்தில் பெறுமானம் அறிந்த தடையொன்றை வைத்து அளந்தால், கம்பிகளின் பங்கு வெளிப்படும். அதன் பின்னரே இரும்பின் ஆயுளைப் பற்றிப் பேசுதல் முறை.