திருப்பாச்சேத்தியில் ஓர் அருவாமனை

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகிற நாம் எல்லோருமே திருப்பாச்சேத்தியைத் தாண்டித்தான் போகிறோம். இறங்கிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? திருப்புவனத்துக்கும் மானாமதுரைக்கும் நடுவே, சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிற சின்ன ஊர். நான்குவழிச் சாலை வந்த பிறகு, காரில் பறக்கிறவர்களுக்கு அது ஒரு சுங்கச்சாவடியின் பெயர், அவ்வளவுதான். மற்றவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே வீச்சரிவாள்தான் ஞாபகம் வரும். 2005-ல் 'திருப்பாச்சி' என்று ஒரு சினிமா வேறு வந்துவிட்டதா, கேட்கவே வேண்டாம்! "அந்த ஊருக்கா போறே?" என்று என் நாத்தனார் கண்ணை உருட்டினாள்.

எனக்கு வேண்டியிருந்தது ஓர் அருவாமனை. அதற்குக் காரணம் என் தங்கை. இரண்டு வருஷத்துக்கு முன் அவள் பரங்கிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மெல்லிசான எவர்சில்வர் கத்தி, முனை மழுங்கிப்போனது. தோலில் இறங்காமல் வழுக்கி, இடது ஆள்காட்டி விரலின் அடியில் பாய்ந்துவிட்டது. ரத்தம் நின்றதும் கட்டுப் போட்டுக்கொண்டு சமையலை முடித்திருக்கிறாள். மறுநாள் விரலை மடக்க முடியவில்லை. உள்ளே தசைநார் அறுந்திருக்கிறது என்று ஆபரேஷன் செய்து, மாதக்கணக்கில் விரலுக்குப் பயிற்சி. கைக்குழந்தைக்காரி! குழந்தையைத் தூக்கக்கூட வேறு ஆள் தேவைப்பட்டது. கூர்மையான கத்தியைக் கண்டு பயப்படுகிறோமே, மழுங்கிய கத்திதான் நிஜமான சத்துரு. வெட்டாத கத்தியை நாம் அழுத்துகிறோம், அழுத்தினால் வழுக்குகிறது, வழுக்கினால் காயில் போகவேண்டிய பலமெல்லாம் கையில் இறங்குகிறது.

ஊருக்குள் விசாரித்து ஒரு பட்டறைக்குப் போனேன். கூரைக்குக் கீழே உலை. துருத்திக்குப் பதில் இப்போது கரண்டு ஊதுகுழல். மூலையில் லாரியின் பழைய வில்பட்டைகள் குவிந்து கிடந்தன. லாரியின் பாரத்தைத் தாங்கி வளைந்து நிமிர்கிற அந்தப் பட்டையில்தான் அருவாளும் கத்தியும் பிறக்கின்றன. ஆசாரி குறடால் பிடித்துத் திருப்ப, எதிரே நின்று சம்மட்டி போட்டவர் அவர் மனைவி! முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு அடிகூடத் தப்பாமல். நாம் இரண்டு தேங்காய் துருவினால் தோள்பட்டை வலிக்கிறது என்கிறோம்.

"அடிச்சு உருவம் கொண்டாறது பெரிசில்ல தாயி. துவச்சல்தான் சூட்சுமம்" என்றார் ஆசாரி.

துவைச்சல் என்றால் பழுக்கக் காய்ச்சிய இரும்புக்குத் தண்ணீர் காட்டுவது. முழுக்க முக்குவதில்லை, வாய்ப்பக்கத்தை மட்டும் அளந்து காட்டி எடுக்கிறார். திடீரென்று குளிர்ந்த விளிம்பு கெட்டியாகிவிடும், முதுகுப்பக்கம் இளக்கமாகவே இருக்கும். அப்படியே விட்டால் விளிம்பு கண்ணாடி மாதிரி சில்லு சில்லாக உடையுமாம். அதனால் மறுபடி லேசாகச் சூடு காட்டி, விளிம்பில் வைக்கோல் நிறம் ஓடும்போது நிறுத்துகிறார். சூடு அதிகமானால் நீலம் பாய்ந்து, கூர் நிற்காது. எந்த மீட்டரும் இல்லை, கண்தான் கணக்கு. பாகு பதம் பார்க்கிற நமக்கு இது புரியாதா என்ன!

அருவாமனை கேட்டதும் அந்த அம்மா முதலில் ஒரு நோட்டை எடுத்தார். "பேரு, ஊரு, போன் நம்பர் சொல்லுங்கம்மா." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 2021 செப்டம்பரில் தமிழகக் காவல்துறை ரவுடிகளைத் தேடிப் பிடித்தபோது, கத்தி, அரிவாள் செய்கிற பட்டறைகளில் வாங்குபவர் விவரத்தை எழுதி வைக்க வேண்டும், கேமரா வைக்க வேண்டும் என்று சொன்னார்கள் அல்லவா, அதன் தொடர்ச்சி.

"எதுக்குன்னு எழுதட்டும்?"

"வெண்டைக்காய் நறுக்க" என்றேன். சிரித்துக்கொண்டே எழுதினார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "பெரியவனுக்குப் பொண்ணு கேட்டுப் போனோம். அருவாக்காரவுக வீடான்னு கேட்டுட்டாங்க. அவன் திருப்பூருக்குப் போயிட்டான். நாங்க செய்யிறதுல முக்காவாசி கதிரறுக்கவும் காய் நறுக்கவும் போறது யாருக்குத் தெரியுது?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அந்த முக்கால்வாசியைத்தான் அன்று ஆசைதீரப் பார்த்தேன். முதலில் கருக்கருவாள். பிறை மாதிரி வளைந்து, விளிம்பில் பொடிப்பொடியாகப் பல் வெட்டியிருக்கும். கதிரறுக்க மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். வீட்டுக்குப் பின்னால் அகத்தி, முருங்கை, இரண்டு வாழை இருந்தால் இதைவிட நல்ல துணை கிடையாது. தண்டைச் சேர்த்துப் பிடித்து உங்கள் பக்கமாக இழுத்தால் போதும். ஓங்கி வெட்டவே வேண்டாம். பிடிக்கிற கை மட்டும் வளைவுக்கு வெளியே இருக்க வேண்டும்.

அடுத்தது, ஒரு சாண் நீளத்தில் மரப்பிடி போட்ட சமையல் கத்தி. பார்க்கக் கருப்பாக, அழகில்லாமல் இருக்கும். கடைகளில் பளபளவென்று அட்டைப்பெட்டியில் தூங்குகிற கத்திகளுக்கு நடுவே வைத்தால் யாரும் தொடமாட்டார்கள். ஆனால் முதுகு தடிமனாக இருப்பதால் சேனையும் பரங்கியும் இதற்கு வெகு சுலபம். என் தங்கைக்கு இதில் ஒன்று வாங்கினேன். பாளை சீவுகிற அருவாளும் இருந்தது. சவரக்கத்தி மாதிரிக் கூர். அது பனையேறுகிறவர்கள் சமாசாரம், நமக்கு வேண்டாம்.

அருவாமனைக்கு வருவோம். கத்தி நகராமல் நிற்க, காய்தான் நகர்கிறது. இரண்டு கையாலும் காயைப் பிடிக்கலாம். கீரை, கொத்தவரங்காய், வாழைப்பூ எல்லாம் இதில் வருகிற வேகம் பலகையில் வராது. முழங்கால் வலிக்காரர்கள் தரையில் உட்கார வேண்டியதில்லை. அகலமான, ஆடாத மேடை இருந்தால் அதன்மேல் வைத்து நின்றபடி நறுக்கலாம்; அடியில் ஒரு ஈரத்துணி போட்டால் வழுக்காது. தவழ்கிற குழந்தை உள்ள வீடுகளில் அலகு மடக்குகிற மாதிரியே வாங்குங்கள். ஃபோன் அடித்தாலும் சரி, பால் பொங்கினாலும் சரி, மடக்கிவிட்டு எழுந்திருங்கள். கரண்டு போனால் முதல் வேலையும் அதுதான்.

இந்த இரும்பு துருப்பிடிக்கும், மறைப்பானேன்! தொட்டியில் ஊறப்போடாமல், வேலை முடிந்த கையோடு கழுவித் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள். எலுமிச்சை, மாங்காய் நறுக்கினால் உடனே கழுவுங்கள். கருப்பு ஏறும், அதனால் கெடுதல் இல்லை. செம்பழுப்பாகத் துரு வந்தால் புளியும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்தால் போய்விடும். கூர் குறைந்தால் சாணைக்காரரைத் தேடி அலைய வேண்டாம். பீங்கான் கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள், அடியில் பளபளப்பில்லாமல் ஒரு வளையம் சொரசொரவென்று இருக்கும். அதில் பக்கத்துக்குப் பத்துத் தரம் சாய்வாகத் தேய்த்தால் அன்றைய சமையலுக்குப் போதும்.

கை வெட்டிக்கொண்டால் காப்பிப்பொடியும் மஞ்சளும் வேண்டவே வேண்டாம். ஓடுகிற தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் பத்து நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. ரத்தம் நிற்காவிட்டாலும், காயம் வாய்பிளந்து ஆழமாக இருந்தாலும், விரல் மரத்துப்போனாலும், மடக்க நீட்ட முடியாவிட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். என் தங்கை ஒரு நாள் தள்ளிப் போட்டாள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டோம் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

போக விரும்புகிறவர்களுக்கு: மதுரை மாட்டுத்தாவணியில் மானாமதுரை, பரமக்குடி பக்கம் போகிற பஸ்ஸில் ஏறலாம். ஏறும்போதே "ஊருக்குள்ளே நிக்குமா?" என்று கண்டக்டரைக் கேட்டுவிடுங்கள், சில பஸ்கள் வெளிச்சாலையிலேயே போய்விடும். ராமேஸ்வரம் ரயில் பாதையில் ஸ்டேஷனும் உண்டு. காலையிலேயே போனால் உலை எரிவதைப் பார்க்கலாம். வாங்கியதை அட்டையில் வைத்துச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டித் தரச் சொல்லுங்கள். திரும்புகிறது விமானத்தில் என்றால் கைப்பையில் வைக்காதீர்கள். பெரிய பெட்டியோடு போட்டுவிடுங்கள்.